இருநூறு நாள் கோடு

முப்பத்தைந்து ரூபாய் எங்கே போயிற்று என்று கோமளாவுக்குத் தெரியவில்லை.

யாரும் எடுத்துப்போன பணம் அல்ல அது. இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்த தூரம். அவள் கணவன் ஆதிகேசவனின் நோட்டில் இருந்த எண் 171.10. அவன் விட்டுப்போன ஃபோனில் தெரிந்த எண் 206.10. இரண்டும் ஒன்றையேதான் சொல்ல வேண்டும்: கிழக்குக்கரை வங்கிப் பங்கின் இருநூறு நாள் சராசரி விலை, ஃபோனின் விலைப் படத்தில் ஒரு நீலக் கோடாக ஓடுவது. வங்கி ஒன்று, பங்கு ஒன்று, இன்றைய விலை இரண்டிலும் 188. சராசரி மட்டும் முப்பத்தைந்து ரூபாய் தள்ளி நின்றது.

கூட்டலில் தப்பு இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் தப்பு வர அங்கே இடமே இல்லை. இருநூறு விலைகளையும் தினம் உட்கார்ந்து கூட்ட வேண்டியதில்லை. மொத்தத்தை ஒருமுறை கூட்டி வைத்துக்கொண்டால் போதும். புது விலை ஒன்று வரும்போது அதைச் சேர்த்து, வரிசையில் மிகப் பழையதைக் கழித்து, இருநூறால் வகுத்தால் புதிய சராசரி வந்துவிடும். பழைய மொத்தம் 34,160. அதில் 188 சேர்ந்தது, 128 போயிற்று. ஆக 34,220. அதில் பாதி 17,110. இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 171.10. ஆறு வருடமாக ஆதிகேசவன் விலையைச் சொல்லுவான், அவள் இந்தக் கணக்கைப் போடுவாள். அவன் போன பிறகும் போட்டாள். கை போட்டது.

அவன் இறந்து நான்கு மாதம். பகலில் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். கோமளா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு குழம்பில் உப்பு போட்டோமா இல்லையா என்பது தின்ற பின்னும் தெரியாத மாதிரி நாட்கள் போயின. மகள் நந்தினி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தாள். கோமளா பழவேற்காட்டில் இறால் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள், வந்தாள். எதுவும் உறுத்தவில்லை. இந்த முப்பத்தைந்து ரூபாய் மட்டும் உறுத்தியது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொழுந்தன் பிரதாப் வந்தான். ஏரியில் வலை போட ஆதிகேசவனுக்கு இருந்த முறையில் இப்போது அவன்தான் போகிறான். வந்த இறாலில் பாதிக்கான பணத்தைக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்துவிடுவான். பணத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“அண்ணி, திங்கக்கெழம அந்த பேங்கு பங்கை வித்துடலாம்.”

“எதுக்கு?”

“கோடு ஒடஞ்சி பத்து நாளாவுது. இருநூறு நாள் கோட்டுக்குக் கீழ வந்துட்ச்சி வெல, கோடும் எறங்க ஆரம்பிச்சிட்ச்சி. அண்ணனே இன்னா சொல்லுவாரு? கோட்டுக்கு மேல நின்னா கை வெக்காத, கீழ வந்து கோடும் தலைய தொங்கப் போட்டுச்சின்னா எந்திரிச்சி வந்துடு. சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு.”

“அப்புறம் இன்னா? அறநூத்தி நாப்பது பங்கு. இன்னிக்கி ஒண்ணே கால் லட்சத்துக்கு ஐயாயிரம் கம்மி. அடுத்த மாசம் எவ்ளோ இருக்கும்னு எவனுக்குத் தெரியும்? பாப்பா படிப்புக்குன்னு அண்ணன் சேத்தது. கரையிற வரிக்கும் பாத்துனு இருந்துட்டு அப்புறம் பேஜார் பட முடியாது.”

அவன் பயந்து போய்த்தான் சொல்கிறான் என்பது கோமளாவுக்குப் புரிந்தது. அவனுக்கு அதில் ஒரு பைசா வரப்போவதில்லை. அண்ணன் இல்லாத வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் தன்மேல் பழி வரும் என்ற பயம்.

“நோட்டுல கோடு ஒடையல,” என்றாள்.

“இன்னாது?”

“நோட்டுல சராசரி நூத்தி எழுவத்தொண்ணு. வெல மேலதான் கீது.”

பிரதாப் நோட்டை வாங்கிப் பார்த்தான். தேதி எதுவும் இல்லை. வெறும் விலைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு புதுப் பக்கம், அதன் தலையில் ‘பொங்கல்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

“அண்ணி, ஃபோனு கம்பெனிக்காரன் போட்டது. இது அண்ணன் போட்டது. எதுல தப்பு இருக்கும், நீயே சொல்லு.”

“நான் போட்டது.”

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டான். “தப்பைக் கண்டுபுடிச்சி குடு. விக்கலன்றேன். இல்லன்னா திங்கக்கெழம,” என்று எழுந்து போனான்.

பேச்சின் கனம் இதுதான். ஒரே விதி. நோட்டை நம்பினால் விற்கக் கூடாது, ஃபோனை நம்பினால் விற்க வேண்டும். நோட்டில் கணக்குப் பிழை இருந்து, அவள் பிடிவாதமாக வைத்துக்கொண்டு, விலை நூறுக்கு இறங்கினால் நந்தினியின் படிப்புப் பணத்தில் பாதி போய்விடும். நோட்டு சரியாக இருந்து, பயத்தில் விற்றால், ஆறு வருடம் ஆதிகேசவன் ஒன்றும் இரண்டுமாக வாங்கிச் சேர்த்ததைத் தவறான நேரத்தில் கலைத்த மாதிரி ஆகும். இரண்டில் எது நடந்தாலும் தனக்கு வலிக்குமா என்று கோமளா யோசித்துப் பார்த்தாள். வலிக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் பணம் தன்னுடையது இல்லையே, நந்தினியுடையது ஆயிற்றே என்று அடுத்த நினைப்பு வந்தது.

மறுநாள் கொட்டகையில் ஐஸ் உருகி ஓடும் சிமெண்ட் மேசை முன்னால் அவளும் மார்கரெட்டும் வழக்கம்போல எதிரெதிராக நின்றார்கள். மார்கரெட் அவளைவிடப் பத்து வயது சின்னவள், வாய் பெரியவள். இறாலுக்கு விலை வைப்பது கவுண்ட் என்ற எண்ணை வைத்து. ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். முப்பது நின்றால் பெரிய இறால், நல்ல விலை. அறுபது நின்றால் சின்னது. கூடை முழுவதையும் எண்ண முடியாது. கைக்கு வந்த இடத்தில் ஒரு கிலோ அள்ளி, எண்ணி, அதையே கூடைக்கு வைத்துவிடுவார்கள்.

அன்று ஒரு கூடையில் சண்டை. வியாபாரியின் ஆள் சாலமன் அள்ளியதில் ஐம்பத்திரண்டு. மார்கரெட் அள்ளியதில் நாற்பத்தொன்று.

“எண்ணத் தெரியாதவங்கள எல்லாம் வேலைக்கு வெச்சிக்னு,” என்றான் சாலமன்.

“ஆமா, நீ எண்ணி எண்ணித்தான் தலையில முடியே இல்ல. கோமளாக்கா, நீ எண்ணு.”

கோமளா இரண்டு குவியலையும் எண்ணினாள். ஐம்பத்திரண்டு சரி. நாற்பத்தொன்றும் சரி.

“ரெண்டும் சரிதான்,” என்றாள்.

“அது எப்படி ரெண்டும் சரி?”

“நீ மேல அள்ளுன. அவ அடி வரிக்கும் கைய வுட்டு அள்ளுனா. காலைல வந்த பெரிய இறால் அடியில கீது, அப்புறமா வந்த பொடி மேல கீது. எண்ணுனதுல தப்பில்ல. எவ்ளோ ஆழம் கைய வுட்டீங்கன்றதுதான்.”

சாலமன் முணுமுணுத்துக்கொண்டு கூடையைக் கவிழ்த்துக் கலக்கினான். மார்கரெட் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கோமளாவின் கை இறாலில் இருந்தது, நகராமல். ஐஸில் விரல்கள் மரத்துப்போய் எது விரல் எது இறால் என்று தெரியவில்லை.

எவ்வளவு ஆழம்.

சராசரி என்பதும் ஒரு கூடைதான். இருநூறு விலைகள் அதில் கிடக்கின்றன. தினம் ஒரு புது விலை மேலே விழுகிறது, அடியிலிருந்து ஒரு பழைய விலை வெளியே போகிறது. உள்ளே வருவது வெளியே போவதைவிடப் பெரியது என்றால் சராசரி ஏறும், சின்னது என்றால் இறங்கும். கோடு ஏறுவதும் இறங்குவதும் அவ்வளவுதான், அதற்குமேல் மாயம் எதுவும் கிடையாது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, கூட்டியது சரியா என்பது இல்லை. அடியில் கிடப்பது எது என்பதுதான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சந்தை விடுமுறை, விலை 188-லேயே நின்றது. வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்தாள். விலைப் படத்தில் விரலை வைத்து நகர்த்தினால் ஒவ்வொரு நாளின் விலையும் தேதியும் தெரியும் என்று நந்தினி சொல்லிக் கொடுத்திருந்தாள். இருநூறு சந்தை நாள் பின்னால் நகர்த்தச் சொன்னாள். போன வருடம் ஆடி மாதத்தில் போய் நின்றது. விலை 195.

“நோட்டுல கடைசியா வெளிய போன வெல நூத்தி இருபத்தெட்டு,” என்றாள் கோமளா. “ஆடியில எங்கயாச்சும் நூத்தி இருபத்தெட்டு கீதா பாரு.”

“இல்லம்மா. அந்த வருஷம் பூராவும் இல்ல.”

“பின்னால போ.”

நந்தினி விரலை இழுத்துக்கொண்டே போனாள். போன வருடப் பொங்கல் போயிற்று, அதற்கு முந்தைய பொங்கல் போயிற்று, விலை இறங்கிக்கொண்டே வந்தது. 150, 141, 133. மிக்ஜாம் புயல் வந்த டிசம்பரில் நின்றாள்.

“இங்க கீது. நூத்தி இருபத்தெட்டு. புயல் முடிஞ்சி பத்து நாள் கழிச்சி.”

புயல் முடிந்து முதல்முதல் ஏரிக்குப் போய் வந்த அன்று ஆதிகேசவன் எழுதிய விலை. அதற்கு மேல் நோட்டில் ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது.

“இன்னிலேருந்து எத்தினி சந்தை நாள்?”

ஃபோன் எண்ணிச் சொன்னது. அறுநூற்று இரண்டு.

“நைனா இருநூறுதான எழுதுனாரு?” என்றாள் நந்தினி. “எப்படி அறநூறு ஆச்சு? பாதி நாள் மறந்துட்டாரா?”

“மறக்கற ஆளா அவரு?”

கோமளா நோட்டை மடியில் வைத்து ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரை எண்ணினாள். எண்பத்திரண்டு. அதற்கு அடுத்த வருடம் எண்பத்து மூன்று. இந்த வருடப் பக்கத்திலும் அதே நடை, நான்கு மாதத்துக்கு இருபத்தெட்டு. அதில் பெரும்பகுதி அவளுடைய கையெழுத்து.

“சந்தை வருஷத்துல எத்தினி நாள் தொறந்திருக்கும்?”

நந்தினி தேடிப் பார்த்தாள். “எரநூத்தி நாப்பத்தெட்டு, அம்பது. அப்படித்தான்.”

இருநூற்று நாற்பத்தெட்டை எண்பத்திரண்டால் வகுத்தால் மூன்று.

குப்பத்தில் மூன்று என்ற எண்ணுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஏரியில் சுத்துவலை போட எல்லாருக்கும் எல்லா நாளும் முறை கிடையாது. வலைக்காரர்களை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். இன்று ஒரு கூட்டம், நாளை அடுத்தது, மறுநாள் மூன்றாவது. நான்காம் நாள் மறுபடி முதல் கூட்டம். பாடு என்று அதற்குப் பெயர். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆதிகேசவனின் கையில் காசு வந்தது பாட்டு நாளில் மட்டும். காசு வந்த அன்றுதான் பெட்டி திறக்கும், நோட்டு வெளியே வரும், ஒரு பங்கோ இரண்டு பங்கோ வாங்குவான், விலையை எழுதுவான். மற்ற இரண்டு நாட்களில் நோட்டுக்கு வேலை இல்லை. இருநூறு விலை சேர்ந்ததும் இருநூறு நாள் ஆயிற்று என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் போன பிறகு, பிரதாப் பாட்டுக் காசைக் கொண்டுவந்து வைத்த மாலைகளில், அதே மாதிரி அவளும் எழுதியிருக்கிறாள். மூன்று நாளைக்கு ஒருமுறை. நடுவில் போன இரண்டு இரண்டு நாட்களை அவள் கவனிக்கவே இல்லை.

“இதுல இருநூறுன்னு எழுதியிருக்கற எடத்துல அறநூறு போட முடியுமா?”

நந்தினி போட்டாள். படத்தில் நீலக் கோடு ஒருமுறை மறைந்து, கீழே இறங்கி, நிதானமாக மேல்நோக்கிச் சாய்ந்தபடி மறுபடி வந்தது. பக்கத்தில் எண்: 171.60.

நோட்டில் 171.10. நடுவில் ஐம்பது பைசா. மூன்றில் ஒரு விலையை மட்டும் அள்ளியதால் வந்த வித்தியாசம் அது. கூடையில் ஒரு கிலோ அள்ளி எண்ணினால் அந்த அளவு முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

நந்தினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. கோமளா எழுந்து அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கடைசி நான்கு பக்கங்களின் தலையில் ‘பொங்கல்’ என்பதற்குப் பக்கத்தில் ஆதிகேசவன் வேறு ஓர் எண்ணும் எழுதியிருந்தான். வருடத்துக்கு ஒன்று: 118, 131, 146, 160. வங்கியின் கடனையெல்லாம் கழித்து மிச்சமிருக்கும் சொத்தைப் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்குக்கு வருவது அது. வங்கி வருடா வருடம் வெளியிடும். சராசரிக் கோடு சொல்வது, ஜனங்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை மட்டும்தான். அந்த விலைக்குத் தகுந்த சரக்கு உள்ளே இருக்கிறதா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது இந்த எண். வங்கி இந்த எண்ணை ஒரே மாதத்தில் பெருக்கிவிட முடியாது. கடன் கொடுத்து, வசூலித்து, வராததைத் தள்ளி, மிஞ்சியதைச் சேர்த்து, வருடத்துக்குக் கொஞ்சம் என்றுதான் ஏற்றும். அவசரக் கோடு இதன் பக்கத்தில் நிற்காது, ஆடும். மெதுவான கோடுதான் இதோடு சேர்ந்து நடக்கும். 171-க்கும் 160-க்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. நான்கு வருடமாகவே அவ்வளவுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதாப் வந்தான். அவனுக்கு அன்று பாடு. முதல் நாள் சாயங்காலம் போட்ட வலையை எடுத்துவிட்டு நேரே வந்திருந்தான். வேட்டியில் சேறு.

“கண்டுபுட்ச்சியா அண்ணி?”

“உக்காரு. வருஷத்துக்கு உங்கண்ணனுக்கு எத்தினி பாடு?”

“நூத்தி இருவது, இருவத்தியொண்ணு வரும். எதுக்கு?”

“அதுல சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் சந்தை மூடியிருக்கும். அத எடுத்துட்டா?”

அவன் விரல் விட்டு எண்ணினான். “எண்பது சொச்சம்.”

கோமளா நோட்டைத் திருப்பி அந்த எண்பத்திரண்டைக் காட்டினாள். அவன் முதலில் நோட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“அட, பாட்டு நாளுக்கு மட்டும் எழுதிக்கினாரா. எங்கண்ணன் பங்குச் சந்தைக்கே பாடு போட்டுட்டாரு பாரு,” என்றான். சிரிப்பு பாதியில் அறுந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்தான். கோமளா காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

“சரி, நோட்டு தப்புன்னு ஆச்சுல்ல,” என்றான் பிரதாப். “அப்போ ஃபோனு சொல்றதுதான மெய்? நாளைக்கி விக்கணும்தான?”

“நோட்டு தப்பில்ல. பேருதான் தப்பு. ஃபோன் கூடை பத்து மாச ஆழம். இது ரெண்டரை வருஷ ஆழம். ரெண்டுலயும் எண்ணுனது சரி.”

“ரெண்டும் சரின்னா எத்த கேக்கறது? ஒண்ணு வில்லுன்னுது, ஒண்ணு இருன்னுது.”

“போன ஆடியில வாங்கி இந்த வருஷமே காசு வேணுன்றவன் ஃபோனைக் கேக்கணும். அவனுக்கு அந்த ஆழம் போதும். உங்கண்ணன் அப்படி வாங்கல. நமக்கும் இந்த வருஷம் காசு வேணாம்.”

“கோடு தலைய தொங்கப் போட்டுச்சின்னா?”

“இப்போ அடியில கெடக்கற வெல நூத்தி முப்பது, நூத்தி நாப்பது. அதெல்லாம் வெளிய போயி நூத்தி எண்பத்தெட்டு உள்ள வந்தா கோடு ஏறத்தான் செய்யும். வெல நூத்தி எழுவத்தொண்ணுக்குக் கீழ போயி, கோடும் எறங்குச்சின்னா அன்னிக்கி விக்கலாம். நீ சொன்ன விதிதான். கோடு மட்டும் வேற.”

பிரதாப் நோட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தான். பிறகு, “அப்புறமும் எறங்கிப் பூட்டா?” என்றான்.

“எறங்கலாம். யாருக்குத் தெரியும்.”

அவள் பேனாவை எடுத்தாள். நோட்டின் அட்டையில் ஆதிகேசவன் எழுதியிருந்த ‘200 நாள்’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘200 பாடு, 600 சந்தை நாள்’ என்று எழுதினாள். அதன் கீழே, நந்தினிக்கும் விளங்குகிற மாதிரி, இன்னும் மூன்று வரி எழுதி பிரதாப்பிடம் நீட்டினாள். அவன் வாய்விட்டுப் படித்தான்.

“நந்தினி பன்னிரண்டாவது முடிக்க இரண்டு வருடம். முதல் வருடம் முழுவதும் 600 நாள் சராசரியைப் பார்ப்பது, விலை அதற்கு மேலே இருக்கும்வரை விற்பதில்லை. பணம் தேவைப்படும் கடைசி வருடத்தில் மட்டும் 200 நாள் சராசரிக்கு மாறுவது.”